கதைநடையில் உம் கொட்டும் சத்தம்

மன்றத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, வணக்கம்.

கூட்டமாக நடந்துபோய், இடையிடையே நின்று கதை சொல்வதுதான் கதைநடை. டர்பனில் அதற்குத் தோதான காலம் மார்ச் கடைசி முதல் மே வரை. இங்கே இலையுதிர் காலத்திலும் பெரும்பாலான மரங்கள் பச்சையாகவே நிற்கும். ஆனால் புழுக்கம் தணியும், மழை குறையும். புனித வெள்ளியை ஒட்டிய நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள். பல குடும்பங்கள் இசிபிங்கோ மாரியம்மன் கோவிலில் இருக்கும்.

தூரம் ஒன்றரை கிலோமீட்டர் போதும். மூன்று இடத்தில் நின்று மூன்று கதை, கதைக்கு 8 நிமிடம். 25 பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். நடந்துகொண்டே சொன்னால் முன்னால் வரும் நாலு பேருக்குத்தான் கதை கேட்கும். நின்று சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு: முதலில் வந்தவர்களைப் பார்த்ததும் கதை தொடங்கிவிடும், கடைசியில் வரும் ஆயாவுக்கு முடிவு மட்டுமே கிடைக்கும். அதனால் மெல்ல நடப்பவரையே முன்னால் விடுங்கள். கூட்டம் தானாக அவர் நடைக்கு வரும்.

நிற்கும்போது வெயில் கேட்பவர்களின் முதுகில் விழட்டும். இங்கே பிற்பகல் சூரியன் வடமேற்கில் இருக்கும். அதற்கேற்ப அரைவட்டமாக நிறுத்துங்கள். காற்று சொல்பவரின் பின்னாலிருந்து வரவேண்டும். வெயில், காற்று இரண்டும் ஒத்துவராவிட்டால் காற்றையே பாருங்கள். கண் கூசினாலும் கதை கேட்கும்.

இனி முக்கியமானது, உம் கொட்டுவது. நம் பாட்டிகள் வைத்த இந்த வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். தமிழ் பேச வராத பிள்ளைக்கும் 'உம்' வரும். அந்த ஒரு சத்தத்தோடு அது கதைக்குள் வந்துவிடும். சொல்பவருக்கும் அதுதான் அளவுகோல். பின்வரிசை உம் நின்றால் குரல் எட்டவில்லை என்று பொருள். எல்லா உம்மும் சோர்ந்தால் கதை நீண்டுவிட்டது. ஒலிபெருக்கி வைத்தால் இந்த உம்மை அதுவே அமுக்கிவிடும், வேண்டாம்.

கதையை இடம் பார்த்து எடுங்கள். தாவரவியல் பூங்காவில் வுட் சைக்காட் என்னும் பனை போன்ற மரத்தடியே ஒரு கதை. 1895-இல் தாவரவியலாளர் மெட்லி வுட் ஙோயே காட்டில் கண்டது ஒரே ஓர் ஆண் மரம்; பெண் மரம் இன்றுவரை எங்கும் அகப்படவில்லை. இன்று உலகில் இருப்பதெல்லாம் அதன் பக்கக் கன்றுகளின் வழி வந்தவை. இணை தேடும் இந்த மரத்தின் கதைக்குப் பிள்ளைகள் விடாமல் உம் கொட்டுவார்கள். அடுத்த நிழலில் 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலைச் சொல்லலாம். அந்தத் தேதி ஒன்று போதும். நாலு தேதி அடுக்கினால் அது பள்ளிக்கூடப் பாடமாகிவிடும்.

சாட்ஸ்வர்த்தின் சில்வர்கிளென் காப்பகத்துக்குப் போனால் நீளக் காலுறை போடுங்கள். புல்லில் உண்ணி இருக்கும், அது கடித்துக் காய்ச்சல் வரலாம். எங்கே போனாலும் பலகாரப் பையைக் கடைசிக் கதை முடியும்வரை திறக்காதீர்கள், குரங்கு வந்துவிடும்.

ஏப்ரல் கடைசியில் ஐந்தரை மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். அந்நேரம் அடையத் திரும்பும் ஹடீடா பறவைகளின் கூச்சலில் எந்தக் குரலும் எடுபடாது. மூன்று மணிக்குக் கிளம்பி நாலரைக்குள் கடைசிக் கதையை முடித்துவிடுங்கள்.