பேஸ்மென்ட் தரைக்கு எபாக்ஸி: டப்பாவைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஈரத்தை அளங்க

[காட்சி: பளபளக்கும் சாம்பல் நிறத் தரை. கேமரா நெருங்க நெருங்க, நடுவில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெரிகின்றன.]

இந்தக் கொப்புளங்களைப் பாருங்க. மேல யாரும் தண்ணி கொட்டல. தரைக்கு அடியில இருந்து ஏறி வந்த ஈரம் இது. எபாக்ஸிங்கிறது இரண்டு திரவத்தைக் கலந்து பூசற, இறுகிக் கெட்டியாகிற தரைப் பூச்சு. பேஸ்மென்ட்ல போட்ட எபாக்ஸி உரியறதுக்கு முக்கியமான காரணம் இதுதான். கலர் எது, பளபளப்பு எவ்வளவுன்னு தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, உங்க தரை எவ்வளவு ஈரம் விடுதுன்னு தெரிஞ்சாகணும்.

[காட்சி: கான்கிரீட்டின் குறுக்குவெட்டு வரைபடம். மண்ணிலிருந்து மேல்நோக்கி நீல அம்புகள்.]

கான்கிரீட் பார்க்க கெட்டியா இருக்கும். ஆனா உள்ளுக்குள்ள முழுக்க நுண்துளைகள். சுவத்துல ஓதம் ஏறுதுன்னு சொல்றோமே, அதேதான் தரையிலயும் நடக்குது. தரை வெறுமையா இருக்கிற வரைக்கும் அந்த ஈரம் ஆவியாகிப் போயிடும், கண்ணுக்கே தெரியாது. எபாக்ஸி போட்டதும் அந்த வழி அடைபடுது. கான்கிரீட்டுல இருக்கிற காரத்தையும் உப்பையும் கரைச்சுக்கிட்டு ஈரம் எபாக்ஸிக்கு அடியில சேருது. பிடிப்பு விட்டுப்போய், கொப்புளம் கிளம்புது.

[காட்சி: தரையில் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டுகிறார்கள்.]

நீங்களே செய்யக்கூடிய முதல் சோதனை இது. கண்ணாடி மாதிரி தெரியிற பிளாஸ்டிக் ஷீட், 45 சென்டிமீட்டருக்கு 45. நாலு ஓரமும் காத்து புகாம ஒட்டி, குறைஞ்சது 16 மணி நேரம் விடுங்க. ஒரு இடத்துல மட்டும் போதாது. சுவர் ஓரத்துல, நடுவுல, ஏற்கெனவே கறுத்துப்போன இடத்துல, உப்பு பூத்த இடத்துல எல்லாம் ஒட்டுங்க. மழைக்காலத்துல செஞ்சா இன்னும் நல்லது, அப்பத்தான் தரையோட நிஜமான நிலைமை தெரியும்.

பிரிச்சுப் பார்க்கும்போது ஷீட்டுக்கு அடிப்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ, கான்கிரீட் கறுத்திருந்தாலோ, ஈரம் கீழயிருந்து வருது. மேல்பக்கம் மட்டும் துளி இருந்தா அது அறைக்காத்துல இருக்கிற ஈரம். அதுக்கு வேண்டியது காத்தோட்டமும், காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கிற டீஹியூமிடிஃபையரும்தான்.

ஆனா ஷீட் காய்ஞ்சு இருந்தா மட்டும் தரை காய்ஞ்சிருக்குன்னு அர்த்தம் இல்ல. இந்தச் சோதனை எவ்வளவு ஈரம்னு எண்ணாச் சொல்லாது. அதுக்கு ஏ.எஸ்.டி.எம்.ங்கிற தர நிர்ணய அமைப்போட எஃப் 2170 முறை இருக்கு: தரையில துளை போட்டு, பொதுவா கான்கிரீட் கனத்துல 40 சதவீத ஆழத்துல சென்சார் வெச்சு, உள்ளே இருக்கிற ஈரப்பதத்தை அளக்கறது. காசு கொடுத்து ஆள் வெச்சாவது இதைச் செய்யுங்கன்னு நான் அழுத்திச் சொல்றேன். வர்ற எண்ணை, வாங்கப்போற எபாக்ஸியோட தொழில்நுட்பக் குறிப்புல போட்டிருக்கிற உச்சவரம்போட ஒப்பிடுங்க. அந்த வரம்பே போடாத எபாக்ஸியை பேஸ்மென்ட்டுக்கு வாங்காதீங்க.

[காட்சி: சுவரும் தரையும் சேரும் மூலையில் தண்ணீர் கசிகிறது.]

உங்க பேஸ்மென்ட்ல இப்படித் தண்ணியாவே கசியுதா? அப்போ எபாக்ஸி பேச்சையே இப்ப எடுக்கக் கூடாது. வெளியில மழைத்தண்ணி வீட்டை விட்டு விலகி ஓடுதா, வடிகால் அடைச்சிருக்கா, குழியில சேர்ற தண்ணியை வெளியேத்துற சம்ப் பம்ப் வேணுமான்னு பார்த்து முதல்ல அதைச் சரிபண்ணுங்க.

[காட்சி: மூன்று டப்பாக்கள் வரிசையாக.]

இப்ப எபாக்ஸி வகைகள். தண்ணி கலந்த எபாக்ஸி பூசறது சுலபம், வாடை குறைவு. ஆனா படலம் மெல்லிசு, சீக்கிரம் தேயும். சால்வன்ட், அதாவது தின்னர் மாதிரி ஆவியாகிற கரைப்பான், கலந்தது அடைச்ச பேஸ்மென்ட்டுக்கு வேண்டவே வேண்டாம். அதுல இருந்து வர்ற ஆவி உடம்புக்குக் கெடுதல், பக்கத்துல கேஸ் ஹீட்டர் எரிஞ்சா தீப்பிடிக்கும். மூணாவது, நூறு சதவீத சாலிட்ஸ் எபாக்ஸி. ஆவியாகிப் போறதுக்கு அதுல எதுவும் இல்ல, ஊத்தின கனம் அப்படியே நிக்கும். உழைக்கிறது இதுதான்.

ஆனா அதுவும் தனியா ஈரத்தைத் தாங்கும்னு நம்பாதீங்க. ஈரத்தைத் தடுக்கிறதுக்குன்னே இரண்டு பாகமா கலக்கிற தனி எபாக்ஸி பிரைமர், அதாவது முதல்ல பூசற அடிப்பூச்சு, இருக்கு. ஏ.எஸ்.டி.எம். எஃப் 3010 தரத்துக்கு ஏத்ததான்னு கேளுங்க. அந்தத் தரப்படி நீராவி ஊடுருவல் 0.1 பெர்முக்கு மேல போகக் கூடாது (பெர்ம்ங்கிறது நீராவி எவ்வளவு ஊடுருவுதுன்னு சொல்ற அளவு). அளந்த ஈரம் அதிகமா இருந்தா, என் தேர்வு இந்த பிரைமர், அதுக்கு மேல நூறு சதவீத சாலிட்ஸ். இரண்டையும் ஒரே கம்பெனியில வாங்குங்க.

[காட்சி: கிரைண்டர் ஓடுகிறது, வேக்யூம் தூசியை இழுக்கிறது.]

எபாக்ஸி பூசறதுக்கு முன்னாடி தரை மேல இருக்கிற பழைய பெயின்ட், எண்ணெய்க்கறை, சீலர் (துளைகளை அடைக்கப் பூசின பூச்சு) எல்லாம் போகணும். தரையில நாலு சொட்டு தண்ணி விடுங்க. உறிஞ்சிக்காம முத்து முத்தா நின்னா, மேல ஏதோ படிஞ்சிருக்கு, எபாக்ஸி பிடிக்காது. ஆசிட் ஊத்திக் கழுவறதை விட கிரைண்டிங், அதாவது மெஷினால தரையைத் தேய்ச்சு எடுக்கறது, மேல். ஏற்கெனவே ஈரமான தரைக்கு இன்னும் தண்ணி ஊத்துவானேன்? புதுக் கான்கிரீட்டா இருந்தா 28 நாளாவது விட்டு, அதுக்கப்புறமும் ஈரத்தை அளங்க.

பூசற அன்னிக்குத் தரையோட வெப்பநிலை பனிநிலையை, அதாவது காத்துல இருக்கிற ஈரம் துளியாப் படிய ஆரம்பிக்கிற வெப்பநிலையை, விட 3 டிகிரி செல்சியஸாவது அதிகமா இருக்கணும். இல்லன்னா கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் தரையில படிஞ்சு எல்லாத்தையும் கெடுக்கும். கலந்த எபாக்ஸியை வாளியில வெச்சிருந்தா சூடேறி இறுகிடும், உடனே தரையில கொட்டிப் பரப்புங்க. கையுறை கட்டாயம். இறுகாத எபாக்ஸி தோல்ல பட்டுப் பட்டு வர்ற அலர்ஜி அவ்வளவு சுலபமா போகாது.

கலர் உங்க இஷ்டம். வெயில் படாத இடம்கிறதால மஞ்சளாகிற கவலை குறைவு. ஆனா ஈரக்காலோட நடந்தா வழுக்கும், வயசானவங்க இருக்கிற வீடுன்னா மேல்பூச்சுல சொரசொரப்புக்கு நுண்மணல் சேர்க்கச் சொல்லுங்க.

[காட்சி: முடிந்த தரை, வாசலில் குறுக்கே கட்டிய கயிறு.]

எப்ப நடக்கலாம், எப்ப பாரம் ஏத்தலாம்னு இரண்டு வெவ்வேறு நேரம் எபாக்ஸியோட தொழில்நுட்பக் குறிப்புல போட்டிருக்கும். அலமாரியையும் வாஷிங் மெஷினையும் இரண்டாவது நேரம் முடிஞ்ச பிறகு இறக்குங்க.