சுவரை இடித்தாச்சு, ஆனால் கிச்சனைத் திறக்க மாட்டேன்

வணக்கம் மக்களே! குரல் கொஞ்சம் எதிரொலிக்கும், சோபா இன்னும் வரவில்லை. போன வீடியோவில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினேனே, ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருந்த சுவர், அது போயே போச்சு! திருவான்மியூரில் இருந்துகொண்டு மத்தியானக் கடல் காற்று சாப்பாட்டு மேஜை வரை வராத வீடு இது. இப்போது வருகிறது. மாமா நேற்று ஃபேன் போடாமல் உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

உடனே சுத்தியலைத் தூக்காதீர்கள். எங்கள் வீடு தூணும் பீமும் போட்டுக் கட்டியது. இடித்தது நாலரை இன்ச் தடுப்புச் சுவர். இன்ஜினியர் வந்து, மேலே பீம் எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டுச் சரி சொன்ன பிறகுதான் கை வைத்தோம். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் கதையே வேறு. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லை நிறுத்திவைத்து, சுண்ணாம்புக் கலவை போட்ட தளம் அது. மொத்த பாரமும் சுவரில்தான் இறங்கும். அங்கே ஒரு சுவரை எடுப்பதென்றால் முதலில் மேலே இரும்பு பீம் கொடுக்க வேண்டும்.

ஆ, சொல்ல விட்டுப்போச்சு. அசோசியேஷனில் முதலிலேயே எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டோம். சுவருக்குள் ஓடிய ஒயரையும் சுவிட்ச் போர்டையும் இடிப்பதற்கு முன்பே எலக்ட்ரீஷியன் மாற்றிவிட்டார். இந்த இரண்டும் முடியாமல் மேஸ்திரியைக் கூப்பிடவே கூடாது.

இப்போது ரப்பிஷ் விஷயம். இதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது! இடித்த குப்பையை எடுத்துப்போக ஒரு குட்டி யானை லோடுக்கு 4,500 ரூபாய் கேட்டார் ஒருவர். இரண்டாவது மாடியிலிருந்து இறக்க மூட்டைக்கு 20 ரூபாய் தனியாம். இடிக்கிற கூலியை விட இது அதிகமாகப் போகும் போலிருந்தது. நான் விடவில்லை. உடையாமல் வந்த முழுச் செங்கல்லை எல்லாம் தனியே அடுக்கச் சொன்னேன். கீழ் வீட்டு அக்கா செடிக்குப் பாத்தி கட்ட அதை அப்படியே எடுத்துக்கொண்டார். பாதி பாரம் குறைந்தது. மிச்சத்தைப் பழைய சிமெண்ட் பையில் கட்டி, எதிர்த் தெருவில் வீடு கட்டும் சைட்டுக்கு வந்த வண்டியிலேயே பேசி ஏற்றினேன். இறக்குக் கூலியோடு 2,800. குறைந்தது 1,700 ரூபாய் மிச்சம், அது எனக்குத் தங்கக் காசு மாதிரி!

இதோ, கேமராவைத் தரைக்குக் காட்டுகிறேன். சுவர் நின்ற இடத்தில் மொசைக் கிடையாது, வெறும் சிமெண்ட்தான். நாலரை இன்ச் என்றாலும் இரு பக்கப் பூச்சையும் சேர்த்து நல்ல அகலம். பழைய மொசைக்குக்குப் பொருத்தமாகப் புதுசு கிடைக்கவே கிடைக்காது. இந்தப் பழுப்புச் சில்லுக்கு நடுவே ஒரு பச்சைச் சில்லு தெரிகிறதா? இந்தக் கலவை இனிமேல் எங்கே வரப்போகிறது? மொத்தத் தரையையும் பெயர்த்து வெள்ளை டைல்ஸ் போடலாம் என்றார் இன்டீரியர்காரர். வேண்டவே வேண்டாம், பளபள வெள்ளைத் தரை எனக்கு ஆகவே ஆகாது. ஆறு இன்ச் கடப்பா கல் ஒரே பட்டையாகப் போட்டு, மொசைக்கோடு சமமாக பாலிஷ் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். மாமா கால் தடுக்கக் கூடாது, அதுதான் முக்கியம்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். கிச்சன் சுவரையும் எடுத்து ஒரு கவுண்டர் வைத்தால் வீடே பெரிசாகத் தெரியும் என்று இன்டீரியர்காரர் வரைந்தே கொண்டுவந்தார். படம் அழகுதான். ஆனால் நம் ஊரில் பாதி வீட்டில் சமையலறை அக்னி மூலையில், அதாவது தென்கிழக்கில் இருக்கிறது. கோடையில் மத்தியானம் கடல் காற்று வருவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். அத்தை வாணலியில் மோர்மிளகாயைப் போட்டார் என்றால், அந்த நெடி ஜன்னல் காற்றோடு நேரே ஹாலுக்குத்தான் வரும். சிம்னி போட்டாலும் எதிர்க்காற்றில் முழுசாக இழுக்காது. மகள் வேறு இருமியே தீர்ப்பாள். அதனால் சுவரை முழுசாக எடுக்காமல், நடுவில் மட்டும் திறந்து கண்ணாடி ஸ்லைடிங் கதவு போடுகிறோம். தாளிக்கும்போது மூடலாம், மற்ற நேரம் திறந்தே கிடக்கட்டும். அத்தைக்கு டிவியும் தெரியும். டஃபண்ட் கிளாஸ்தான் சொல்லியிருக்கிறேன். அதைச் சூடேற்றிப் பதப்படுத்திய பிறகு வெட்டவே முடியாது. அதனால் பூச்சு வேலை முடிந்த பிறகுதான் அளவு எடுக்கச் சொன்னேன்.

ஃபால்ஸ் சீலிங்கும் கிடையாது. இருக்கிற உயரத்தையும் குறைத்துக்கொண்டு, ஃபேனைத் தலைக்கு மேலே இறக்கி, எதற்கு?

ஏசி எப்படி என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இப்போது இடம் பெரிசு, பழைய ஒரு டன் தாங்காது. இரண்டு டன் வாங்க எனக்கு மனசில்லை. கடப்பா பட்டைக்கு நேர் மேலே சீலிங்கில் டிராக் அடித்துத் திரை விடுகிறேன், ஏசி ஓடும்போது மட்டும் இழுத்துக்கொள்ளலாம். துணிக்கு எழும்பூர் பாந்தியன் ரோடு காட்டன் ஸ்ட்ரீட்தான், மெல்லிசு வாங்கப்போவதில்லை. உங்களில் யாராவது அங்கே கனமான திரைத் துணி சமீபத்தில் எடுத்திருந்தால் மீட்டர் என்ன விலை என்று சொல்லுங்கள், சனிக்கிழமை கிளம்புகிறேன்.