கதவடைத்த கடையின் காற்று

அழகு நிலையம் நடத்தும் சகோதரிகளுக்கும், அங்கே வேலை பார்க்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

2018ஆம் ஆண்டு மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, காசிமேட்டில் மீன் வாங்கவே நம்மில் பலர் தயங்கினோம். தண்ணீரில் கரைந்த ஃபார்மால்டிஹைடுதான் ஃபார்மலின். முடியை நேராக்கும் கெராட்டின் திரவங்கள் பலவற்றில் அதே பொருள் இருக்கிறது. சில புட்டிகளில் அந்தப் பெயர் இராது, மெத்திலீன் கிளைகால் என்று அச்சிட்டிருக்கும். திரவம் தடவிய முடியை, 230 டிகிரி வரை சூடேறும் அயர்னிங் கருவியால் இழுக்கும்போது அது ஆவியாகக் கிளம்பிக் கண்ணை எரிக்கிறது, தொண்டையைக் கமறச் செய்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் இது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே முடிவு சொல்லிவிட்டது. வாடிக்கையாளர் ஆண்டுக்கு ஓரிரு முறை அமர்ந்து எழுந்து போகிறார்; முடியை இழுத்துவிடும் பெண்ணோ முகூர்த்த மாதங்களில் அநேகமாக நாள்தோறும் அந்த ஆவியில் நிற்கிறாள்.

வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் நான் பார்த்த கடைகள் பெரும்பாலும் வீட்டின் முன்னறையைத் தடுத்துக் கட்டியவை. பெண்கள் வந்துபோகும் இடம் என்பதால் கதவுக்குத் திரை, சன்னலுக்கு அட்டை, உள்ளே ஏ.சி. சுவரில் மாட்டும் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறதே தவிர, ஆவியை வெளியே தள்ளுவதில்லை. துணி முகக்கவசமும் அதைத் தடுக்காது. அந்தத் திரவத்தை வாங்காமல் இருப்பதே நல்லது. முடியாதென்றால், நாற்காலிக்கு அருகிலேயே எக்ஸாஸ்ட் ஃபேன் பதித்து, எதிர்ப்புறம் வெளிக்காற்று நுழைய வழிவிடுங்கள். அடுத்த வீட்டுச் சன்னலைப் பார்த்து வைத்துவிடாதீர்கள். நம் சந்துகள் குறுகலானவை.

ஒரு தங்கை தன் கைகளை என்னிடம் நீட்டிக் காட்டினாள். விரலிடுக்குகளில் தோல் வெடித்திருந்தது. சோற்றைப் பிசைந்தாலே எரிகிறது என்றாள். டை பூசும்போது தவறாமல் கையுறை அணிபவள்தான். தலையை அலசும்போது மட்டும், உள்ளே தண்ணீர் போகிறதென்று கழற்றிவிடுவாள். அலசும்போதுதான் சாயம் கரைந்து வெறுங்கையில் ஓடுகிறது. டையிலுள்ள பி.பி.டி. என்ற பொருள் ஒருமுறை ஒவ்வாமையைக் கிளப்பிவிட்டால், அது பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. கற்ற தொழிலையே கைவிட்டவர்கள் உண்டு. மணிக்கட்டைத் தாண்டி நீளும் நைட்ரைல் கையுறை, ஒரு தலைக்கு ஒரு சோடி என்று கொடுங்கள். கழுவிக் குழாயில் தொங்கவிட்டு மறுநாளும் மாட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். அதன் விலையைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடலாம்.

கடைகளில் வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நாள் முழுதும் நின்று கால் நரம்பு சுருண்டவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். முக்காலி வாங்கிப் போட்ட கடையிலும், அதன்மேல் துண்டுகளை அடுக்கி வைத்திருந்ததைக் கண்டேன். அந்தத் துண்டுகளுக்குச் சுவரில் ஒரு பலகை அடித்துக் கொடுங்கள்.