கிளாரன்ஸ் கேம்பல்: விதி யாருக்கு?

அவையோருக்கு வணக்கம்.

ஐஸ் ஹாக்கி என்றால் எல்லாரும் ஆட்டக்காரர்களைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் ஒரு நிர்வாகியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கிளாரன்ஸ் கேம்பல், 1905இல் கனடாவின் சஸ்காட்செவன் பகுதியில், பிளெமிங் என்ற சிற்றூரில் பிறந்தவர். சட்டம் படித்தார், ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டு போனார், 1930களில் வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கிப் போட்டித் தொடரான தேசிய ஹாக்கி லீகில் நடுவராக இருந்தார். போர் முடிந்ததும் நாஜித் தளபதி குர்ட் மேயர் மீதான வழக்கில் அரசுத் தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவர். 1946 முதல் 1977 வரை லீகின் தலைவர்.

அவரைப் புரிந்துகொள்ள 1955 மார்ச் மாதத்துக்குப் போக வேண்டும். 13ஆம் தேதி பாஸ்டனில் ஆட்டம். எதிரணி வீரரின் மட்டை பட்டு, மாண்ட்ரியாலின் மாரிஸ் ரிச்சர்டுக்குத் தலையில் ரத்தம். அவர் திருப்பி அடித்தார். பிடித்து இழுத்த லைன்ஸ்மன், அதாவது துணை நடுவர், முகத்திலும் குத்து விட்டார். கேம்பல் விசாரித்தார். அந்தப் பருவத்தில் மிச்சமிருந்த லீக் ஆட்டங்களிலும், பட்டத்துக்கான ஸ்டான்லி கோப்பை ஆட்டங்களிலும் ரிச்சர்டு ஆடக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்.

ரிச்சர்டு பிரெஞ்சுக் கனடியர்களின் செல்லப்பிள்ளை. கேம்பலோ ஆங்கிலம் பேசும் கனடியர். கொலை மிரட்டல்கள் வந்தன. அடுத்து மாண்ட்ரியாலில் டெட்ராய்ட் அணியோடு நடக்கும் ஆட்டத்துக்கு வராதீர்கள் என்றார்கள். 17ஆம் தேதி ஆட்டம் தொடங்கிய பிறகு அரங்குக்குள் நுழைந்து, வழக்கமான இருக்கையில் உட்கார்ந்தார். முட்டையும் தக்காளியும் பறந்து வந்தன. கைகுலுக்க வருவதுபோல் வந்த ஒருவன், கிட்டே வந்ததும் அறைந்தான். அப்புறம் ஒரு கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது. ஆட்டம் நின்றது, வெற்றி டெட்ராய்ட்டுக்குப் போனது. கூட்டம் செயின்ட் கேத்தரின் தெருவில் கடைக் கண்ணாடிகளை நொறுக்கியது. மறுநாள் ரிச்சர்டே வானொலியில் பேசி ஊரை அமைதிப்படுத்தினார்.

தண்டனை சரி என்றே நான் சொல்வேன். நடுவர் குழுவில் ஒருவரை அடித்த பிறகு பெரிய வீரர், சின்ன வீரர் என்று பார்க்க முடியாது. ஆனால் அன்றிரவு அங்கே போனது தவறு. தன் துணிச்சலைக் காட்ட அது நேரமில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. வீரர்களிடம் இத்தனை கறாராக இருந்தவர், முதலாளிகளிடம் அப்படி இல்லை. ஆறே அணிகள் இருந்த லீகில் நோரிஸ் குடும்பத்தின் கை ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளில் இருந்தது. அதைத் தட்டிக்கேட்க அவரால் முடியவில்லை. சம்பளம் கொடுத்தவர்களே அவர்கள்தானே! 1957இல் டெட்ராய்ட் வீரர் டெட் லின்ட்சே வீரர்களுக்குச் சங்கம் தொடங்கினார். டெட்ராய்ட் அவரைச் சிகாகோவுக்கு அனுப்பிவிட்டது. அடுத்த ஆண்டே சங்கம் கலைந்தது. கேம்பல் முதலாளிகள் பக்கம்தான் நின்றார்.

1967இல் ஆறு அணிகள் பன்னிரண்டாயின. அந்தப் பெருமையில் அவருக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. 1980இல் ஒரு செனட்டருக்கு லஞ்சம் கொடுத்த வழக்கில் அவரே குற்றவாளியானார். ஒரு நாள் சிறை, 25,000 டாலர் அபராதம். 1984இல் காலமானார்.

மேற்குப் பிரிவில் வெல்லும் அணிக்கு இன்றும் அவர் பெயரில்தான் கோப்பை. வீரர்கள் தாங்களே வாக்களித்துத் தரும் விருதுக்கு லின்ட்சேயின் பெயர்.