இரண்டு நாள் சும்மா இருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். லடாக்கில் இருக்கும் லே நகருக்கு மூன்று குளிர்காலங்களில் போய் வந்தவன் நான். அங்கே போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் சொல்வது ஒன்றுதான். போனதும் இரண்டு நாள் சும்மா இருங்கள்.

குளிர்காலத்தில் மணாலி சாலை பனியில் மூடிவிடும். அதனால் பெரும்பாலோர் டில்லியிலிருந்து விமானம் ஏறுகிறோம். ஒன்றேகால் மணி நேரம்தான். சிக்கலே அந்த வேகத்தில்தான் இருக்கிறது. லே சுமார் 3,500 மீட்டர் உயரம். ஊட்டிக்குப் போனவர்கள் தொட்டபெட்டா உச்சியில் நின்றிருப்பீர்கள். அதற்கும் மேலே இன்னும் எண்ணூறு மீட்டருக்கு மேல்! அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இழுக்கிற மூச்சு அதே மூச்சு, அதில் கிடைக்கும் பிராணவாயு குறைவு.

இதை எனக்குப் புரியவைத்தது துவரம்பருப்பு. இரண்டாவது முறை போனபோது ஒரு வீட்டில் தங்கினேன். வீட்டம்மாவை 'அமாலே' என்று கூப்பிட வேண்டும். அமா என்றால் அம்மா, லே என்பது மரியாதை. ஊர்ப் பெயரான லே வேறு. எங்கள் திருநெல்வேலி 'லே' அதைவிட வேறு, அதை அங்கே யாரிடமும் சொல்லிப் பார்க்கவில்லை. சரி, பருப்புக்கு வருகிறேன். "இன்று நான் சாம்பார் வைக்கிறேன்" என்று வீறாப்பாகச் சொல்லி, பாத்திரத்தில் பருப்பைப் போட்டு அடுப்பில் ஏற்றினேன். தளதளவென்று கொதித்தது. ஒரு மணி நேரம் ஆனது. பருப்பு கூழாங்கல் மாதிரி உருண்டுகொண்டிருந்தது. தீயைக் கூட்டினேன், அப்போதும் அப்படியே. அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு எரித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. அமாலே சிரித்துக்கொண்டே குக்கரை எடுத்து வைத்தார். அன்று சாம்பார் சாப்பிட இரவு பத்து மணி.

நம் உடம்பும் அந்தப் பருப்புதான், அவசரப்படுத்தினால் வேகாது. என்னோடு வந்த நண்பர் இரண்டாம் நாளே கர்துங் லா கணவாய்க்குக் கிளம்பினார். 5,359 மீட்டர். 18,380 அடி என்று அங்கே வெகுகாலமாக எழுதிவைத்திருந்தார்கள், உண்மையில் 17,582 அடிதான். மனிதர் அந்தப் பலகையைப் பார்த்தார், வாந்தி எடுத்தார், திரும்பிவிட்டார். வேறெதையும் பார்க்கவில்லை.

தலைவலி, பசியின்மை, தூக்கம் வராமை எல்லாம் முதல் நாள் பலருக்கும் வரும். படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால், நடை தள்ளாடினால் பொறுத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே டாக்டரைக் கேளுங்கள். மற்றவர்கள், திரும்பச் சொல்கிறேன், இரண்டு நாள் சும்மா இருங்கள். புகாரி என்கிற கணப்படுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து வெண்ணெயும் உப்பும் போட்ட டீயைக் குடியுங்கள். டீ என்று நினைத்தால் பிடிக்காது, ரசம் என்று நினைத்தால் இறங்கும்.

அப்புறம், குழாயில் தண்ணீர் உறைந்துவிடும், பக்கெட்டில்தான் தருவார்கள். நம் ஊரில் வாங்கிய பிரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். உண்மையில் நான் பேச வந்தது பனித் தூபியைப் பற்றி. லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் வாங்சுக் செய்து காட்டியது. குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடைநீரை மேட்டிலிருந்து குழாயில் இறக்கி, மோட்டார் இல்லாமலே பீய்ச்சி, கோபுரம் போல உறையவிடுகிறார்கள். கூம்பு வடிவம் என்பதால் வெயில் படும் பரப்பு குறைவு, மெல்லத்தான் உருகும். வசந்தத்தில் விதைப்புக்கு அந்தத் தண்ணீர். இன்னும் நிறைய இருக்கிறது, பருப்பு நேரத்தைத் தின்றுவிட்டது.

ஜூலே. வணக்கம், நன்றி, போய் வருகிறேன், மூன்றுக்கும் லடாக்கில் அந்த ஒரு சொல்தான்.