அட்டை களவுபோன பின் வெளிநாட்டில் பணம் பெறுதல்

நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலை நகரில் வங்கியொன்றின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் நீண்ட காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெளிநாட்டில் வங்கி அட்டைகள் களவுபோனால் கையில் காசு வரவழைப்பது எப்படி, அதையும் அதிகச் செலவில்லாமல் செய்வது எப்படி என்று பேசுமாறு நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள்.

என் ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் கோயில் தரிசனத்துக்காகத் தமிழ்நாடு போயிருந்தபோது, திருச்சி மத்திய பேருந்து நிலையத்தில் கைப்பையைப் பறிகொடுத்தார். இரண்டு அட்டைகளும் மாற்றி வைத்திருந்த இந்திய ரூபாவும் அதோடு போயின. கடவுச்சீட்டு மட்டும் விடுதி அறையில் இருந்தது. யாரிடமோ இரவல் வாங்கிய கைபேசியில் என்னை அழைத்து, "தம்பி, நீ வங்கியில் இருந்தவன்தானே, உடனே கொஞ்சக் காசு அனுப்பு" என்றார். அது சுலபமாக நடக்கிற காரியமில்லை என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வரும் பணத்தை எண்ணிக் கொடுத்தே பழகியவர்கள் நாங்கள். ஆனால் இலங்கை ரூபாவை வெளிநாட்டு நாணயமாக்கி வெளியே அனுப்புவது, 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் அனுமதிக்கப்பட்ட தேவைகளுக்கு, அதற்கு அதிகாரம் பெற்ற வங்கிகளின் ஊடாக மட்டுமே நடக்கலாம். அதற்குரிய பத்திரங்களைத் திரட்டிக் கொடுப்பதற்குள், பேருந்து நிலையத்தில் நிற்பவருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு போய்விடும். வங்கி வழியல்லாமல் கைமாற்றாகப் பணம் அனுப்பும் உண்டியல்காரரிடம் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். அது சட்டவிரோதம் என்பதோடு, பணம் இடையில் நின்றுவிட்டால் கேட்பதற்கு ஒரு பற்றுச்சீட்டுக்கூட இராது. ஆகவே திருகோணமலையிலிருந்து புறப்படுகிறவர் நம்ப வேண்டியது வீட்டை அல்ல, வேறு நாட்டில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் உறவினரையே. அக்காவுக்கு உதவியவர் ரொறன்ரோவில் இருக்கும் இன்னொரு தம்பிதான்.

அதற்கு முன் அட்டைகளை முடக்க வேண்டும். நம் வங்கிகள் விளம்பரம் செய்யும் நான்கு இலக்கக் குறுந்தொலைபேசி எண்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து இயங்கா. 94 என்று தொடங்கும் முழு எண் தேவை. அந்த எண் அட்டையின் பின்புறத்தில் அச்சாகியிருக்கும், அட்டையோ களவுபோயிருக்கும். ஆகையால் அதை ஒரு தாளில் எழுதிக் கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அழைக்கும்போது அவசரப் பண உதவி கிடைக்குமா என்றும் கேளுங்கள். விசா, மாஸ்டர்கார்ட் ஆகிய இரண்டு வலையமைப்புகளிலும் அந்த வசதி உண்டு. ஆனால் அட்டையை வழங்கிய வங்கி சம்மதித்தால்தான் பணம் வரும்.

ரொறன்ரோத் தம்பி வெஸ்டர்ன் யூனியன் என்ற பணம் அனுப்பும் நிறுவனத்தின் வழியாக அனுப்பினார். அனுப்புகிறவருக்குப் பத்து இலக்கக் குறியீட்டு எண் ஒன்று தருவார்கள். பெறுகிறவர் அந்த எண்ணையும் கடவுச்சீட்டையும் முகவரிடம் காட்டிக் காசைப் பெறலாம். அக்காவுக்கு அங்கேயும் ஒரு தடங்கல். தம்பி வாயில் வந்தது வீட்டுப் பெயர். கடவுச்சீட்டில் இருப்பதோ தகப்பனாரின் பெயரோடு சேர்ந்த நீண்ட பெயர், அதுவும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வேறாக. முகவர் மறுத்துவிட்டார், அவர் செய்தது சரியே. பெயரைத் திருத்திக்கொள்ள அரை நாள் போயிற்று. ஒருவருக்கு மூன்று பெயர் வழங்கும் நம் குடும்பங்களில், கடவுச்சீட்டின் முதற்பக்கத்தைப் படமெடுத்து உறவினருக்கு முன்கூட்டியே அனுப்பி வைப்பது அந்த அரை நாளை மிச்சப்படுத்தும்.

இனிச் செலவு. கட்டணம் என்று சொல்லப்படுவது செலவின் ஒரு பகுதிதான். மற்றப் பகுதி நாணய மாற்று வீதத்தில் ஒளிந்திருக்கும். உதாரணமாக, 200 டொலருக்கு 5 டொலர் கட்டணம் வாங்கி, சந்தை வீதத்திலும் நூற்றுக்கு 3 குறைத்துக் கொடுத்தால், போனது 5 அல்ல, ஏறத்தாழ 11 டொலர். கட்டணமே இல்லை என்று பலகை தொங்கும் இடத்தில் நான் முதலில் பார்ப்பது வீதத்தைத்தான். உலக வங்கி கணக்கிடும் உலகச் சராசரியின்படி 200 டொலர் அனுப்ப நூற்றுக்கு 6 டொலருக்கு மேல் ஆகிறது. 2030க்குள் அதை 3க்குக் கீழே கொண்டுவருவது ஐக்கிய நாடுகளின் இலக்கு. அனுப்புகிறவர் தம் கடனட்டையால் பணம் செலுத்தினால், அவருடைய வங்கி அதை ரொக்க முற்பணமாகக் கருதி அன்றிலிருந்தே வட்டி போடக்கூடும். வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தினால் மலிவு, ஆனால் சில வேளை ஒரு நாள் தாமதம். அதனால் இரண்டு நாள் சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் ஆன சிறு தொகையை விரைவான வழியிலும், மீதியை மெதுவான மலிவான வழியிலும் வரவழைப்பதே என் யோசனை. இந்தியாவில் இப்படி வரும் பணத்துக்கு ஒரு தடவைக்கு 2,500 அமெரிக்க டொலர் என்ற உச்ச வரம்பும் உண்டு.

கடவுச்சீட்டும் சேர்ந்து போய்விட்டால் முகவரிடம் எதுவும் நடக்காது. அந்த நிலையில் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோடு, தமிழ்நாட்டில் இருப்பவர் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்துக்குப் போக வேண்டும். கைச்செலவுக்குக் காசு கிடைக்கும் என்று அங்கே போகாதீர்கள். ஊர் திரும்புவதற்கான பயணப் பத்திரத்துக்காகப் போங்கள்.

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அட்டையைத் தொலைத்த வெள்ளைக்காரர் ஒருவர், "என் வீட்டார் உங்கள் கணக்குக்குப் பணம் போடட்டும், நீங்கள் எடுத்துத் தாருங்கள்" என்று கேட்கக்கூடும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாதவருக்காக உங்கள் கணக்கில் வந்து போகும் பணத்துக்கு விசாரணை வந்தால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவரையும் அவருடைய கடவுச்சீட்டையும் முச்சக்கர வண்டியில் ஏற்றி நகரிலுள்ள வங்கிக்கு அழைத்துப் போய், அவர் பெயரிலேயே பணத்தைப் பெற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். வண்டிக்காசை வேண்டுமானால் நீங்கள் கொடுங்கள்.