சாய்ந்த எண்கள்

நேயர்களுக்கு வணக்கம். பஸ் டிக்கெட் கருவி, கடையில் கார்டு தேய்க்கும் கருவி, இவற்றுக்குள்ளெல்லாம் ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. நிறைய கருவிகளில் திரையில் திறக்கும் ஜன்னலும் கிடையாது, மவுஸும் கிடையாது. நினைவகத்தில் ஓர் எண்ணை வைத்தால் திரையில் ஒரு புள்ளி அந்த நிறத்தில் ஒளிரும். அந்த நினைவகப் பகுதிக்கு ஃபிரேம்பஃபர் என்று பெயர். கணினியை இயக்கும் லினக்ஸ் என்ற மென்பொருளில் அது ஒரு கோப்பாகவே கிடைக்கும்.

ஒரு புள்ளிக்கு 16 பிட், அதாவது 0 அல்லது 1 வைக்கும் 16 இடம் என்றால், வழக்கமாகச் சிவப்புக்கு 5, நீலத்துக்கு 5, பச்சைக்கு மட்டும் 6. பச்சையின் ஏற்ற இறக்கம்தான் நம் கண்ணுக்கு நுட்பமாகத் தெரியும். கரும்புக் காட்டைப் பார்த்து வளர்ந்த மொரீஷியஸ்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன!

கரும்பு என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு சர்க்கரை ஆலையின் எடைமேடைக்குத் திரை வைக்கப் போயிருந்தேன். ஜூலை மாதம், வெட்டு நேரம். வெளியே லாரிகள் வரிசையில் நிற்கின்றன. திரையைப் போட்டால், எண்களெல்லாம் புயலில் படுத்த கரும்பு மாதிரி வலப்பக்கம் சாய்ந்து கிடக்கின்றன. எடை போடுகிறவர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே, திரை குடித்திருக்கிறதா?" என்று கிரியோலில் கேட்டார்.

என் பெருக்கல் சரிதான். திரையின் ஒரு வரியில் குறுக்கே 1366 புள்ளி, புள்ளிக்கு 2 பைட் (8 பிட் ஒரு பைட்), ஆக வரிக்கு 2732 பைட். ஆனால் திரையை ஓட்டும் சிப்புக்கு வரி நீளம் 16ஆல் வகுபட வேண்டும். அதனால் வரிக்கு 2736 பைட் எடுத்துக்கொண்டு, கடைசி 4 பைட்டைச் சும்மா விட்டிருந்தது. அதாவது 2 புள்ளி. கரும்பு நடும்போது ஒவ்வொரு சால் முடிவிலும் இரண்டு குழி பாதைக்கு விட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். விவரம் தெரியாத ஆள் அதிலும் கரணையை வைத்துக்கொண்டே போனால்? அடுத்த சாலின் கரும்பு இரண்டு குழி முன்னதாகத் தொடங்கும், அதற்கடுத்தது நாலு குழி. அந்த ஆள் நான்தான். வரி எவ்வளவு நீளம் என்று டிரைவரிடம், அதாவது திரையை இயக்கும் மென்பொருளிடம், கேட்டால் அதுவே சொல்லும். கேட்கவில்லை, பெருக்கிக்கொண்டேன். கேளுங்கள், தம்பிகளே, பெருக்காதீர்கள். ஓர் எண்ணை மாற்றுவதற்குள் எனக்கு மத்தியானச் சாப்பாடு போயிற்று.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். படம் பாதி பழசும் பாதி புதுசுமாகக் கிழிந்து தெரிந்தால், ஒன்றுக்கு இரண்டு ஃபிரேம்பஃபர் வையுங்கள். ஒன்று திரையில் இருக்கும்போது மற்றதில் வரையுங்கள். திரை ஒரு சுற்று முடிக்கும் இடைவெளியில் மாற்றுங்கள். அப்புறம் தமிழ் எழுத்து, அந்த ஒற்றைக் கொம்பு மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டு முன்னால் வந்து நிற்பது... அதற்கு இன்னொரு நாள் கூப்பிடுங்கள். வணக்கம்.